திங்கட்கிழமை முதுகு

பொய்யர்களில் பல ரகம் உண்டு. கோமதிநாயகத்துக்கு அறவே ஆகாத ரகம் திங்கட்கிழமைப் பொய்யர்கள்.

சனிக்கிழமை மாலை வரைக்கும் ஓடியாடி வேலை பார்த்திருப்பார்கள். ஞாயிறு முழுக்க வீட்டில் காலை நீட்டிக் கிடந்திருப்பார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் முதுகு பலகையாகிவிட்டது, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்று கிளம்பி வருவார்கள். சரி வா என்று வேலைக்கு இழுத்துவந்து இரண்டு மணி நேரம் நடமாட விட்டால் வலி மெல்ல இறங்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். ஓய்வெடுத்தால் வருகிற வலி, உழைத்தால் போகிற வலி. இதை வெளியில் சொல்வதற்கு ஒருவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா என்பது கோமதிநாயகத்தின் கேள்வி.

அவர் முதுகு வாரியத்தின் தூத்துக்குடிக் கிளையில் தீர்ப்பாளர். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வாரியம் பிறந்த கதை எளிது. எலும்பு முறிந்தால் படத்தில் தெரியும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லும். முதுகுவலிக்கு மட்டும் சாட்சி கிடையாது. வலிக்கிறவன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருந்தது. சொல்வதை நம்புவது எந்த அரசாங்கத்துக்கும் ஒத்துவராத காரியம். ஆகவே வலியை அளக்க ஒரு பட்டை வந்தது. பட்டையைப் படிக்க ஒரு வாரியம் வந்தது. வாரியம் ‘மெய்’ என்று தீர்ப்பளித்தால்தான் முதுகுக்கு ஸ்கேன், மருந்து, விடுப்பு எல்லாம் என்று சட்டமும் வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முதுகு அட்டை. மூன்று முறை ‘பொய்’ என்று வந்துவிட்டால் அந்த அட்டையை மூன்று வருஷத்துக்குப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு எந்த டாக்டரும் அந்த ஆளின் முதுகைத் தொடக் கூடாது.

அன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவள் மூன்றாம் முறைக்காரி. பெயர் எப்சிபா, வயது முப்பத்தொன்று, துறைமுகத்தில் லாஷிங் வேலை. கப்பலில் மாடி மாடியாக அடுக்கிய கன்டெய்னர்கள் நடுக்கடலில் சரிந்துவிடாதபடி இரும்புத் தண்டுகளால் இழுத்துக் கட்டுகிற வேலை அது. பட்டையைப் பத்து நாள் கட்டிக் கழற்றிக் கொடுத்துவிட்டு முடிவு கேட்க வந்திருந்தாள்.

“பொய்,” என்றார் கோமதிநாயகம்.

“மூணாவது தடவையும் அதானா சார்?”

“பட்டைக்கு ஒம்மேல என்னம்மா விரோதம்? இங்க வா, காட்டுதேன்.”

திரையை அவள் பக்கம் திருப்பினார். மற்ற கிளைகளில் யாரும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் கோமதிநாயகம் அடிப்படையில் கருவிப் பொறியாளர்; பட்டையை வடிவமைத்த குழுவிலும் இருந்தவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில் அவருக்கு அலாதி ஆசை. கேட்பவர் பொய்யராக இருந்தாலும் பரவாயில்லை.

“முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னத் தசை இருக்கு. வலி வந்தா, ஒனக்குத் தெரியதுக்கு முன்னாடியே அது சுருங்கி எலும்பைப் புடிச்சுக்கிடும். நீ மூஞ்சியச் சுளிக்கலாம், ஐயோ அம்மான்னு கத்தலாம். அந்தத் தசைய மட்டும் நெனச்சு ஆட்ட முடியாது. பட்டை அதைத்தான் ஒட்டுக் கேக்கு. இந்தச் செவப்புக் கோடு ஒன் தசை. கீழ இருக்க நீலம் ஒன் வேலை, துறைமுக ரிஜிஸ்தர்ல இருந்து வருது. மெய்யான முதுகுல நீலம் ஏறினாச் செவப்பும் ஏறும். ஒனக்கு நீலம் படுத்தாச் செவப்பு ஏறுது. காலைல நாலு மணிக்கு உச்சம். வேலைக்கு வந்து ரெண்டு மணி நேரத்துல தரைக்கு இறங்கிருது.”

எப்சிபா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “தசை சுருங்குதுன்னு ஒங்க பட்டையே சொல்லுதுல்லா. அத நெனச்சு ஆட்ட முடியாதுன்னும் நீங்கதான சொல்லுதீய?”

இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. இருந்தாலும் பதில் கைவசம் இருந்தது. “தசை குளிருக்கும் சுருங்கும்மா. நேரம் தப்பி வாரது வலி இல்ல.”

“அப்பம் எழுதிக்கிடுங்க. தூத்துக்குடிக் குளிர்ல எப்சிபாவுக்கு முதுகு வெறைச்சுப் போச்சுன்னு.”

அட்டையை வாங்கிக்கொண்டாள். கழுத்தை மட்டும் திருப்பாமல், பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். நடிப்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தபோது கூடவே ஒரு டாக்டர் வந்தார். ஜெசிந்தா என்று பெயர்; திருச்சிக்காரர்; தூத்துக்குடியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் குடல் நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடல் டாக்டருக்கு முதுகு வாரியத்தில் என்ன வேலை என்று கோமதிநாயகம் கேட்குமுன் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இவங்க ரெண்டு வருஷமா ரத்தமாப் பேதி போகுதுன்னு எங்கிட்ட வந்தாங்க சார். வயித்தைப் படம் எடுத்தேன். வயித்துக்குப் பின்னால முதுகு இருக்கறது கடவுள் பண்ணின தப்பு, அதுவும் படத்துல விழுந்துருச்சு. சட்டப்படி நான் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கணும். மூட மறந்துட்டேன்.”

படத்தை மேசைமேல் வைத்தார். முதுகெலும்பு வந்து இடுப்பெலும்பில் உட்காருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. விளிம்பு கூராக இருக்க வேண்டியது. எலி கொறித்த தேங்காய்ப் பத்தைபோல் இருந்தது.

“குடல் நோவுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? அது வேற டிபார்ட்மென்ட் ஆச்சே.”

“ஒடம்புக்கு டிபார்ட்மென்ட் தெரியாது சார். நீங்க சர்க்குலர் அனுப்பலையோ என்னமோ.”

எப்சிபா நின்றபடியே இருந்தாள். நாற்காலியைக் காட்டினார் கோமதிநாயகம். “உக்காந்தாப் புடிச்சுக்கிடும் சார்,” என்றாள்.

“குடல் சுவர்ல புண்ணு,” என்றார் டாக்டர். “அதை அடக்கறதுக்கு ஒடம்பு தன்னோட படையை அனுப்புது. படைக்கு வெறி ஏறிப்போச்சு. ரத்தத்தோட அது ஊரெல்லாம் சுத்தும்போது, தசைநார் எலும்புல வேர் பிடிக்கிற எடத்தையெல்லாம் எதிரின்னு நெனச்சு அடிக்குது. முதுகுல அந்த மாதிரி எடம் கணக்கில்லாம இருக்கு. இவங்களுக்குக் குடல்ல ஆரம்பிச்சுது. சொரியாசிஸ்னு தோல் செதில் செதிலா உதிருமே, சிலருக்கு அது இருந்து இது வரும். சிலருக்குக் கண்ணு செவந்து செவந்து அடங்கும். முதுகு வெறும் சாட்சி சார். குத்தவாளி வேற எங்கயோ உக்காந்திருக்கான். நீங்க சாட்சியை அடிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

“சரி. அதுக்கும் காலைல நாலு மணிக்கும் என்ன?” கேள்வியில் எகத்தாளம் இல்லை. இயங்குமுறை என்று ஒன்று வாசலில் நின்றால் கோமதிநாயகத்தால் கதவைச் சாத்த முடியாது.

“பளு தூக்கி அடிபட்ட முதுகு, தூக்கறதை நிறுத்தினா ஆறும். இது அடிபட்ட முதுகு இல்ல, வீங்கின முதுகு. அசையாமக் கெடந்தா வீக்கம் அங்கேயே தேங்கி இறுகும். நடமாடினா இளகும். விடிகாலையில வலிக்கும், வேலை செஞ்சா கொறையும். பொய்யன்னு கண்டுபிடிக்க நீங்க வெச்சிருக்கிற அடையாளம் இதுதானே? எங்க புஸ்தகத்துல இந்த நோயைக் கண்டுபிடிக்க வெச்சிருக்கிற அடையாளமும் இதேதான். பாடத்தோட மொத வரி.”

கோமதிநாயகம் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “இப்படியே விட்டா?”

“வீங்கின எடத்தைச் சரி பண்றேன்னு ஒடம்பு எலும்பை வெச்சுப் பூசும். விரிசலை அடைக்க வந்த கொத்தனார் கதவையும் சேத்துப் பூசிட்டுப் போற மாதிரி. எலும்போட எலும்பு ஒட்டி முதுகு மொத்தமும் ஒரே மூங்கில் கழியாயிரும். ஒட்டினதைப் பிரிக்க மருந்து இல்ல. ஒட்டாம நிறுத்தறதுக்கு ஊசி இருக்கு, கூடவே தெனம் செய்ய வேண்டிய பயிற்சி இருக்கு. நான் குடுக்கற குடல் மாத்திரை முதுகை நிறுத்தாது. ஊசி முதுகுப் பட்டியல்ல இருக்கு, பட்டியலுக்குச் சாவி ஒங்ககிட்ட இருக்கு. மூணு வருஷம் கழிச்சு நீங்க பூட்டைத் தெறக்கும்போது இவங்களால தலையத் தூக்கி மேல பாக்க முடியாது.”

“லாஷிங்ல மேல பாக்காம நின்னவ ஒருத்தியும் உசுரோட இல்ல சார்,” என்றாள் எப்சிபா.

டாக்டர் திரையைச் சுட்டிக்காட்டினார். “ஓய்வெடுத்தா கொறையறதுதான் வலின்னு ஒங்க பட்டைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“நாப்பதாயிரம் முதுகை வெச்சுப் பழக்கினோம் மேடம். மெய் எது, பொய் எதுன்னு மொதல்ல நாமதான பட்டைக்குச் சொல்லணும். எல்லாருக்கும் மூணு வாரம் படுக்கைல ஓய்வு குடுத்தோம். கொணமானது மெய். ஆகாதது பொய்.”

“மூணு வாரம்னு யாரு முடிவு பண்ணினது?”

கோமதிநாயகம் படத்தை மேசையில் வைத்து அதன் விளிம்பைச் சரிசெய்தார். “எனக்கு முப்பத்தெட்டு வயசுல முதுகு புடிச்சுது. மூணு வாரம் கட்டில்ல கெடந்தேன். சுத்தமாச் சரியாயிட்டுது.”

“ஆக, தமிழ்நாட்டு முதுகெல்லாம் ஒங்க ஒருத்தர் முதுகு.”

அவர் படத்தின் மறு விளிம்பையும் சரிசெய்தார்.

“அதுலயும் நீங்க கட்டில்ல கெடக்காம எழுந்து நடந்திருந்தா ரெண்டு வாரத்துலயே சரியாயிருக்கும்,” என்று எழுந்தார் டாக்டர். “ஒரு வாரம் தண்டமாப் படுத்திருக்கீங்க.”

கோமதிநாயகத்துக்கு மனிதர்கள்மேல் பெரிய இரக்கம் கிடையாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் ஒரு சங்கதி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் புரியாததுபோல் இருக்க அவருக்கு வராது. மறுநாள் காலையில் மாவட்டத்தில் ‘பொய்’ வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக போன் போட்டார். மூன்று கேள்விகள். வெகுநாளாக வயிறு சரியில்லையா, தோலில் செதில் உதிர்கிறதா, கண் அடிக்கடி சிவந்து வலிக்கிறதா. பலர் அவருடைய குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். உப்பளத்துக்காரர் ஒருவர், “பொய்யங்கிட்ட கேள்வி கேட்டு என்ன பிரயோசனம், அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, முழங்கையிலும் தலையிலும் ஒன்பது வருஷமாகச் செதில் உதிர்வதாகச் சொன்னார். ஒரு பெண்மணி கேள்விகளை முடிக்க விடாமல் ஐந்து நிமிஷம் திட்டினார். கடைசியில், ஆமாம், வயிறுதான் என்றார். வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றவர்கள் நூற்றெண்பது பேர்.

அறிக்கை எழுதிச் சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்பினார். இரண்டாம் நாள் இணை இயக்குநர் வர்த்தமானன் திரையில் வந்தார்.

“அருமையான அறிக்கை, கோமதிநாயகம். ரொம்ப உழைச்சிருக்கீங்க.”

“தீர்ப்பை மெய்யின்னு மாத்திட்டாப் போதும் சார்.”

“மாத்தினா என்ன அர்த்தம்? வாரியம் இத்தனை வருஷமாப் பொய் சொல்லியிருக்குன்னு அர்த்தம். வாரியம் பொய் சொல்லாது. பொய்யைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தானே வாரியமே இருக்கு.” வர்த்தமானன் இதைச் சிரிக்காமல் சொன்னார். “அவங்களுக்கு மருந்துதானே வேணும்? தாராளமாக் குடுத்துடலாம். கருணை அடிப்படையில.”

கருணைப் படிவம் அன்று மாலையே வந்துவிட்டது. ஒரே பக்கம். ‘நான் முன்னர் அறிவித்த முதுகுவலி உண்மையல்ல என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். எனினும் எனக்குள்ள வேறு உடற்கோளாறுகளை முன்னிட்டு, கருணை அடிப்படையில் சிகிச்சை வழங்குமாறு வேண்டுகிறேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு.

எப்சிபா அதை நின்றபடி இரண்டு தடவை படித்தாள்.

“நான் பொய் சொன்னேன்னு ஒரு பொய் சொல்லணும். சொன்னா ஊசி.”

“ஆமா.”

“நெசத்தைச் சொன்னா?”

“அட்டை பூட்டினபடிக்கே இருக்கும்.”

“இதெல்லாம் எந்த ஊர்ல சார் படிச்சீய?”

“கோயமுத்தூர்ல,” என்றார் கோமதிநாயகம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு.

“பேனா குடுங்க. இல்ல, அதுக்கும் ஒரு வாரியம் இருக்கா?”

கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பத்து நாள் பட்டை கட்டிக் கருணையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியை அவர் விளக்கினார்.

“எதுக்கு?”

“இன்னும் பொய்தான் சொல்லுதியான்னு பாக்க.”

அவரை அவள் பார்த்த பார்வையை, காலில் ஒட்டியதைக் கல்லில் தேய்க்கிறவர்களின் முகத்தில்தான் பார்க்க முடியும்.

அந்த ஆறு மாதத்தில் நூற்றெண்பது பேரில் ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ‘பொய்யர்’ என்று முத்திரை வைத்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெசிந்தாவின் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். பட்டை ‘பொய்’ என்று சொல்லி அங்கே வந்த முதுகுகளில் பெரும்பாலானவற்றில் இந்த நோய் இருக்கிறது, ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே பட்டைக்குத் தெரிந்துவிடுகிறது என்று கண்டு டாக்டரே அசந்துபோனார். இப்படியொரு கருவி எங்குமே கிடையாது, பெயரை மட்டும் மாற்றுங்கள் என்று தலைமையகத்துக்கு எழுதினார். பெயர் மாற்றும் உத்தேசம் இல்லை என்று பதில் வந்தது.

எப்சிபா சொன்ன தேதிக்கு, பத்து நாள் கட்டிய பட்டையோடு வந்தாள். தடுப்புக்கு வெளியே யாரோ கூப்பிட, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“இடுப்புகிட்ட ஒரு மூட்டு ஒட்டிட்டுதாம் சார், அது அவ்வளவுதானாம். மிச்சத்தை நிறுத்தியாச்சுன்னு டாக்டரம்மா சொன்னாவ. விடிகாலைல எந்திரிக்கது ஒரு சிரமமுமில்ல. சாயங்காலம் எல்லாத்துக்கும் வலிக்க மாதிரி லேசா வலிக்கும், அம்புட்டுதான்.”

பட்டையைக் கணினியில் பொருத்தினார். திரையில் கோடுகள் வந்தன. நீலம் ஏறியபோது சிவப்பும் ஏறியது. நீலம் படுத்தபோது சிவப்பும் படுத்தது. பாடப்புத்தகத்தில் போடலாம்போல் அழகான முதுகு. கோமதிநாயகத்துக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. அதற்குள் திரையின் அடியில் எழுத்து விழுந்தது: ‘மெய்’.

சிரிப்பு போய்விட்டது.

“என்ன சார்?”

“மெய்யின்னு வந்திருக்கு.”

“நல்லதுதான?”

அவர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். மெய் என்று தீர்ப்பு வந்தால், பொய் சொன்னதாகக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஒப்புதல் செல்லாவிட்டால் கருணையும் ரத்து.

“ஊசிய நிறுத்திருவாவளா?”

“பளு தூக்கி வந்த வலின்னுதான் எடுத்துக்கிடும், இந்த மெய்க்கு ஊசி கெடையாது. மூணு வாரம் ஓய்வு எழுதுவாங்க.”

“நிறுத்தினா அது மறுபடியும் கெளம்பும்லா.”

“கெளம்பும். அப்பம் மறுபடியும் பொய்யாயிருவ. படிவம் ஒருத்தருக்கு ஒரு தடவைதான்.”

எப்சிபா படிவத்தை மடித்து அவர் பக்கமே தள்ளினாள். “நோவு இருந்தா நான் பொய்க்காரி, மருந்து உண்டு. மருந்துல கொணமானா நான் யோக்கியம், மருந்து கெடையாது. இத எழுதினவுகளுக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல நேரா நாக்காலிலயே மொளைச்சு வந்தாவளா?”

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார். தீர்ப்பு இன்னும் சென்னைக்குப் போகவில்லை. பதிவுப் பொத்தானை அவர் அழுத்தினால்தான் போகும். கையை அதிலிருந்து விலக்கினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்தார். பட்டையைக் கவிழ்த்து அதன் முதுகிலிருந்த மூடியைக் கழற்றினார்.

“பட்டைக்கு ஒன் தசை மட்டுந்தான் தெரியும்,” என்றார் தாழ்ந்த குரலில். விளக்க ஆரம்பித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நீ நிக்கியா படுத்திருக்கியான்னு அதுக்குத் தெரியாது. இந்தா, இதுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு பாரு. இது சொல்லுத நேரத்தைத்தான் துறைமுக ரிஜிஸ்தரோட வெச்சுப் பாக்கும். இதைப் பன்னெண்டு மணி நேரம் தள்ளி வெச்சுட்டா, ஒன் சாயங்காலம் அதுக்கு விடிகாலை. நீ தூங்குத நேரம் அதுக்கு வேலை நேரம்.”

“அப்பம் நான்?”

“சுத்தப் பொய்.”

கடிகாரத்தைத் தள்ளி வைத்தார். மூடியைத் திருகி, துடைத்து, பட்டையை அவளிடம் நீட்டினார். “இன்னும் பத்து நாள் கட்டிட்டு வா.”

இந்தப் பத்து நாளுக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். ‘பட்டையில் பழுது, மறு பரிசோதனை’ என்று தட்டினார். பழுது இல்லாத பட்டை அது. பதிவுப் பொத்தானுக்கு மேலே போன விரல் அங்கேயே நின்றது. பதினோரு வருஷத்தில் அவர் அந்தத் திரையில் நடக்காத ஒன்றை எழுதியதில்லை. எழுதியதை அழித்து அதையே மறுபடி தட்டினார். விரல் மறுபடியும் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

எப்சிபா பட்டையை இடுப்பில் சுற்றி மாட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

“மொதத் தடவ அப்படித்தான் சார் இருக்கும்,” என்றாள். “அமுக்குங்க.”